மர்யமை எவரும் அதட்டவில்லை

என் மகளுக்கு இது ஒன்பதாம் மாதம். சென்ற வாரம் அவள் தன் உம்மாவிடம், "நோவு எப்பிடி இருக்கும்?" என்று கேட்டாள். "எல்லாரும் பெத்தவங்கதானே மகள், பொறுத்துக்க" என்று சொல்லிவிட்டு என் மனைவி அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அன்றிரவு என்னிடம் வேறொன்றைச் சொன்னாள். இந்த மகளைப் பெற்ற இரவில், நோவு தாளாமல் கதறியபோது, "கத்தாம கிட" என்று ஒருவர் அதட்டினாராம். நோவு எப்படி இருந்தது என்பது இப்போது சரியாக நினைவில்லை என்றாள். அந்தக் குரல் மட்டும் இன்னும் காதில் இருக்கிறதாம். அந்த இரவு முழுவதும் நானும் என் மாமியும் கோப்பிப் போத்தலோடு வைத்தியசாலையின் வெளிவாயிலில்தான் நின்றிருந்தோம். ஊர் உலகத்துச் செய்திகளையெல்லாம் எழுதிய நான், இத்தனை ஆண்டுகளாக அவளிடம் இதைக் கேட்டதில்லை.

கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று என நீளும் அம்பாறைக் கரையோரத்தை அறியாத வாசகர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் முஸ்லிம் ஊர்களில் மணமான பெண் பொதுவாகத் தாயைப் பிரிந்து போவதில்லை. வீடு பெண்ணுக்குரியது, மாப்பிள்ளைதான் அங்கு வந்து சேர்கிறார். கருவுற்ற நாள் முதல் நாற்பது கழியும் வரை உம்மாவும் ராத்தாவும் சாச்சியும் சூழ்ந்திருப்பார்கள். அப்படிப்பட்ட சமூகத்தில், பெண்ணுக்குத் துணை மிகவும் தேவைப்படும் அந்தச் சில மணித்தியாலங்களில் மட்டும் அவள் தனித்து விடப்படுகிறாள்.

வைத்தியசாலைகளைக் குறை கூறுவது என் நோக்கமன்று. 1940களில் இலங்கையில் ஓர் இலட்சம் உயிர்ப் பிறப்புகளுக்கு ஆயிரத்துக்கும் அதிகமான தாய்மார் இறந்தனர். 2019இல் அத்தொகை ஏறத்தாழ முப்பது. வீடு வீடாகச் செல்லும் மருத்துவ மாதர்களும் இலவச மருத்துவமும் ஈட்டித்தந்த பெருஞ்சாதனை இது. இன்று ஏறக்குறைய எல்லாப் பிரசவங்களும் வைத்தியசாலைகளிலேயே நிகழ்கின்றன. உயிரைக் காக்கக் கற்றுக்கொண்டுவிட்டோம். நோவைத் தணிப்பது பற்றித்தான் இன்னும் போதிய அளவு சிந்திக்கவில்லை.

அதற்கு ஒரு காரணம் நம்மிடமே உண்டு. நோவைச் சத்தமின்றித் தாங்குவதே நல்ல பெண்ணுக்கு அழகு என்று பழக்கியிருக்கிறோம். தாய்மையின் சிரமத்தைப் பள்ளிவாசல் மேடைகளில் உருக்கமாகப் பேசுகிறோம். அச்சிரமத்தைக் குறைப்பது பற்றி அங்கே எத்தனை முறை பேசியிருக்கிறோம்?

திருக்குர்ஆனின் 19ஆவது அத்தியாயத்தை எண்ணிப் பாருங்கள். பேற்று நோவு மர்யமை ஒரு பேரீச்ச மரத்தின் அடிக்குக் கொண்டு செல்கிறது. இதற்கு முன்பே இறந்து போயிருக்கக் கூடாதா என்று அவர் புலம்புகிறார். அந்தப் புலம்பலுக்கு மறுமொழியாகக் கண்டிப்பு வரவில்லை. கவலைப்பட வேண்டாம் என்ற ஆறுதல் வருகிறது. காலடியில் நீரோடை, உலுக்கினால் உதிரும் கனி, உண்ணவும் பருகவும் அனுமதி. நோவில் இருப்பவளை எப்படி நடத்த வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் வேறென்ன வேண்டும்?

உலக சுகாதார நிறுவனம் 2018இல் பிரசவப் பராமரிப்புக்கு 56 பரிந்துரைகளை வெளியிட்டது. கண்ணியமான நடத்தை, விரும்பிய துணையாள், உணவு, நீர், எழுந்து நடமாடும் சுதந்திரம், கேட்பவருக்கு நோவு நிவாரணம் ஆகியன அவற்றுள் அடங்கும். மர்யமின் கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு இவற்றுட் பெரும்பாலானவை புதியவை அல்ல.

மருத்துவ நிவாரணத்தைப் பாவமென்று கருதிய காலம் பிற சமூகங்களிலும் இருந்தது. 1847இல் ஸ்கொட்லாந்து வைத்தியர் ஜேம்ஸ் யங் சிம்ப்சன் பிரசவத்துக்கு மயக்க மருந்தைப் பயன்படுத்தியபோது, நோவு இறைவன் விதித்தது என்று மறுத்துரைத்தோர் இருந்தனர். 1853இல் விக்டோரியா மகாராணியே தம் பிரசவத்தின்போது குளோரோபோம் பெற்ற பின்னர், அந்த எதிர்ப்பு வலுவிழந்தது.

இன்று வழிகள் பல. நைதரசு ஒட்சைட்டு வாயுவும் ஒட்சிசனும் சரிபாதி கலந்த 'என்டொனொக்ஸ்' வாயுவைப் பெண்ணே முகமூடியைப் பிடித்து உள்ளிழுக்கலாம். அதன் விளைவு சில நிமிடங்களில் நீங்கிவிடும். பெத்திடின் ஊசி உண்டு; குமட்டலும் தூக்கக் கலக்கமும் வரலாம், குழந்தையின் சுவாசத்தையும் கவனிக்க வேண்டும். முதுகில் ஏற்றும் எபிடியூரல் இவற்றைவிட வலுவானது. ஆனால் அதற்கு மயக்க மருந்து நிபுணரும் தொடர்ந்த கண்காணிப்பும் தேவை. நம் ஊர்களில் எல்லோருக்கும் அதை நாளையே தர இயலாது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் துணையாளுக்கு நிபுணர் தேவையில்லை. 17 நாடுகளில் 15,000க்கும் அதிகமான பெண்களை உள்ளடக்கிய 26 ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் வெளிவந்த மீளாய்வு, இடைவிடாத துணை பெற்ற பெண்களுக்குப் பிரசவ நேரம் குறைகிறது, சத்திர சிகிச்சையும் நோவு மருந்தின் தேவையும் குறைகின்றன என்று கண்டது. முதுகைத் தடவிவிடவும், மூச்சை மெல்ல விடு என்று சொல்லவும், கையைப் பிடித்துக்கொள்ளவும் ஓர் உம்மா போதும்.

தடை எங்கே? ஒரே அறையில் அருகருகே கட்டில்கள். ஒருத்தியின் துணைக்கு வருபவர் முன்னால் மற்றவளின் மறைப்பு என்னாவது? நியாயமான கேள்விதான். ஆனால் அதற்கு விடை திரைச்சீலையும் தட்டிப் பலகையும்தான். துணைக்கு வருபவர் பெண்ணாக இருந்தால் கூச்சமும் குறையும். வைத்தியசாலை அபிவிருத்திச் சபைகளுக்கும் பள்ளிவாசல் நிருவாகங்களுக்கும், கட்டாரிலும் இலண்டனிலும் இருந்து ஊருக்கு உதவும் நண்பர்களுக்கும் இது பெருஞ்செலவா? ஒரு மாதருக்குப் பல தாய்மாரைப் பார்க்க வேண்டிய நிலை இருக்குமிடத்தில், துணையாள் அவருக்கும் உதவியே.

இரண்டு நாட்களுக்கு முன்னர் என் மனைவி மகளோடு கிளினிக்குக்குப் போனாள். "பிரசவ நேரத்தில நானும் கூட நிக்கலாமா, மிஸ்ஸி?" என்று கேட்டிருக்கிறாள். கேட்டுச் சொல்கிறேன் என்றாராம் மருத்துவ மாது. வீட்டுக்கு வந்ததும் மகளை அருகில் இருத்தி, "நோவு வந்தா கத்து மகள், ஒண்டும் பிழையில்ல" என்றாள்.

அந்தப் பதிலுக்காக நாங்கள் காத்திருக்கிறோம்.