கைமருந்தும் களைமருந்தும்

அடைமழை பிடித்துவிட்டால் எமது லயங்களில் இருமல் சத்தம் ஓயாது. முன்பெல்லாம் வீட்டுப் பாட்டி கான் ஓரமாக ஒருமுறை போய்வந்தால் மடியில் துளசியும் வல்லாரையும் இருக்கும். கொத்தமல்லியும் இஞ்சியும் தட்டிப்போட்ட கசாயம் அடுப்பில் கொதிக்கும்.

அண்மையில் ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் ஒரு பாட்டி எம்மைத் தடுத்தார். "கான் பக்கம் போவாதீங்க சிஸ்டர், முந்தாநாள்தான் மருந்தடிச்சாங்க. அந்தக் கீரைய நாங்க இப்ப தொடுறதில்ல." வல்லாரையைக் காசு கொடுத்துச் சந்தையில் வாங்குகிறாராம். நஞ்சையும் மருந்தென்றே சொல்லும் எமது தோட்டத்து வழக்கு அன்று எமக்கு உறுத்தியது.

கிளைபோசேட் களைகொல்லியை அரசு 2015இல் தடை செய்தது. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் விலக்களித்தது. கைக்களை எடுக்க ஆளில்லை என்பது நிர்வாகத்தின் கணக்கு. மலைக்கு அது சரியென்றே வைத்துக்கொள்வோம். பிள்ளைகள் விளையாடும் லயத்து வாசலில் தெளிப்பானேன்?

கைமருந்தை அறியாமை என்போர் ஹக்கல பூங்காவை நினைத்துக்கொள்ளட்டும். 1861இல் அது தொடங்கப்பட்டதே சிங்கோனா வளர்க்கத்தான். மலேரியாவுக்கான கொயினா அம்மரத்தின் பட்டையிலிருந்து வந்தது. கோப்பி நோயில் அழிந்தபோது துரைமார் அதையே மலைச்சரிவுகளில் நட்டார்கள். துரை நட்டால் பயிர், பாட்டி வளர்த்தால் களை! நாம் ஆவி பிடிக்கும் நொச்சி பிலிப்பைன்ஸில் லகுண்டி எனப்படுகிறது. அந்நாட்டுச் சுகாதாரத் திணைக்களமே அதனை ஏற்று, இருமல் மாத்திரையாகவும் பாணியாகவும் மக்களுக்குக் கிடைக்கச் செய்தது. எமது நாட்டிலும் 1961ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டத்தில் சித்த மருத்துவத்திற்கு இடமுண்டு. யாழ்ப்பாணத்திலும் திருகோணமலையிலும் பட்டப்படிப்பும் உண்டு. அப்படிப்பு தோட்டத்து டிஸ்பென்சரிப் படியேறியதை நாம் கண்டதில்லை.

ஆஸ்பத்திரி வேண்டாம் என்று நாம் சொல்வதாக எவரும் கொள்ளலாகாது. மூச்சு வாங்கும் குழந்தைக்கும், பாம்பு தீண்டியவருக்கும், பிள்ளைப்பேற்றுக்கும் ஆஸ்பத்திரிதான். கொழுந்து லொறியில் நோயாளியை ஏற்றும் அவலத்தை மூலிகையால் மூடிமறைக்கவும் இயலாது. கசாயத்தோடு நாள் கடத்தி, காய்ச்சல் முற்றியபின் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிய தாய்மாரை நாமறிவோம். அங்கே அவர்களுக்கு முதலில் கிடைப்பது ஏச்சு. என்ன இலை கொடுத்தீர்கள் என்று மரியாதையாகக் கேட்கும் ஒருவர் அங்கிருந்தால், அத்தாய் அடுத்த முறை முதல் நாளே வருவாள்.

லயத்தைச் சுற்றியும் அதற்கு மேலேயுள்ள கானிலும் தெளிக்கலாகாது என மாதர் சங்கங்கள் நிர்வாகத்திடம் கேட்கட்டும். குரோட்டன் நிற்கும் எமது ஆலய வளவுகளில் மூலிகைக்கு ஒரு பாத்தி ஒதுக்க நாம் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. நாற்றுக்கு அந்தப் பாட்டியிடமே போகலாம். அவர் வாசலில், பழைய பெயின்ட் வாளியொன்றில், கற்பூரவள்ளி இன்னும் தழைத்து நிற்கிறது.