சாளரத்து இருக்கை

ஆகாய விமானத்தில் செல்வோர் பலர், சாளரத்தின் ஓரமாக ஓர் இடம் வேண்டும் என்று கேட்பதோடு அமைந்துவிடுகின்றனர். எப்பக்கத்துச் சாளரம் என வினவுவார் மிகச் சிலரே. திசை கேளாது வழி நடந்தவன் செயலை இஃது ஒக்கும். இருக்கையைத் தேர்தல் சிறுபிள்ளை விளையாட்டு என்று நகைப்பாரும் உளர். அவர் கூற்று ஏற்புடைத்தன்று. இதற்கும் நிலநூலறிவு வேண்டும்.

தில்லியினின்றும் காத்மாண்டு செல்லும் விமானத்தைச் சான்றாகக் கொள்ளலாம். இவ்விரு நகரங்களுக்கும் இடையே வான்வழித் தொலைவு ஏறத்தாழ 800 கிலோமீட்டர். விமானம் கிழக்கு நோக்கிச் சற்றே தெற்காகச் சாய்ந்து செல்கின்றது. இமயமோ வடக்கே நிற்கின்றது. கிழக்கு நோக்கிச் செல்வார்க்கு வடக்கு இடப்பக்கம் ஆதலின், இடப்பக்கச் சாளரத்தை உடையாரே மலையைக் காண்பர். வலப்பக்கத்தார் காண்பன கங்கைச் சமவெளியின் புழுதிமூட்டமும், காலை வேளையாயின் கண்ணைக் கூசச்செய்யும் கதிரவனுமே.

இடப்பக்கத்தார் பெறும் காட்சிதான் எத்தகையது! முதலில் சமவெளி, அதன் விளிம்பில் காடடர்ந்த சிறுகுன்றுகள், அவற்றின் பின்னே நீலமலைகள், யாவற்றிற்கும் அப்பால், மேகத்தின் மேல் மிதப்பனபோல் வெண்பனிச் சிகரங்கள். மேற்கிலிருந்து கிழக்காக 8,167 மீட்டர் உயரமுள்ள தவளகிரியும், 8,091 மீட்டர் உயரமுள்ள அன்னபூரணாவும், அடுத்து மனாசலுவும் முறையே தோன்றும். எண்ணாயிரம் மீட்டரைக் கடந்த சிகரங்களுள் மாந்தர் முதன்முதலாக ஏறியது, 1950-ஆம் ஆண்டில், இவ்வன்னபூரணாவின்மீதே. தவளகிரிக்கும் அதற்கும் இடையே ஆழ்ந்ததோர் இடைவெளி உண்டு. அதனூடே காளி கண்டகி ஆறு பாய்கின்றது. மலை எழுவதற்கு முன்னரே அவ்வாறு ஓடிக்கொண்டிருந்தது என்பர் நிலவியலார். மலை எழ எழ, ஆறு அதனை அறுத்துக்கொண்டே வந்தது. இதனை அறிந்து நோக்குவானுக்கு அவ்விடைவெளி வெறும் பள்ளமாகத் தோன்றுமோ?

பக்கம் அறிந்தால் மட்டும் போதாது. நடுவரிசைகளில் அமர்ந்தார்க்குச் சிறகே கீழுள்ள காட்சியை மறைத்துவிடும். சிறகின் பின்னே அமரின், பொறியினின்று வெளிப்படும் வெப்பக்காற்றால் தொலைக்காட்சி நடுங்கித் தோன்றுவதுண்டு. ஆதலின் சிறகின் முன்னுள்ள வரிசையே நன்று. சில விமானங்களில் சாளரமே இல்லாத சாளரத்து இருக்கையும் உண்டு. வெறுஞ்சுவரை நோக்கி அமர்ந்தாரைக் கண்டு இரங்குவதன்றி வேறு செய்வதற்கில்லை! மழைக்காலத்தில் மேகம் மலையை மூடிவிடும். மழை ஓய்ந்த அக்டோபர், நவம்பர்த் திங்களின் காலைப்பொழுதே தக்கது.

எவரெஸ்டைக் காணலாம் என்று இவ்விமானத்தில் ஏறுவார் பலர். அது காத்மாண்டுக்கும் கிழக்கே உள்ளது. அதனை நன்கு காண விழைவார், மலைகாண்பதற்கென்றே காலையில் காத்மாண்டிலிருந்து புறப்படும் சிறு விமானங்களை நாடுதல் வேண்டும்.

இனி, இடப்பக்கத்து இருக்கையை முயன்று பெற்றுத் திரையை இழுத்துவிட்டு உறங்குவார் செயல்தான் வருந்தத்தக்கது. நோயுற்றாரையும் இரவெல்லாம் விழித்துக் களைத்தாரையும் இதில் குறை கூறலாகாது. ஏனையோர் அவ்விடத்தை அருகிலுள்ள சிறுவனுக்கேனும் முதன்முறை பறக்கும் முதியவர்க்கேனும் ஈந்துவிட்டு உறங்கலாமே; உறக்கத்திற்கு எவ்விருக்கையும் ஒன்றுதான். விழித்திருப்பாரும், தவளகிரி தோன்றும்போது சற்றே பின்சாய்ந்து அமரின், நடு இருக்கையில் உள்ளாரும் அதனைக் காண்பர்.

போகும்போது இடம் கண்டவர், மீளும்போதும் இடப்பக்கமே சிறந்தது என்று அங்கேயே அமர்ந்து ஏமாறுவதுண்டு. மேற்கு நோக்கித் திரும்புங்கால் இமயம் வலப்பக்கத்ததாகிவிடும்.