வாடகை வீட்டுக்கு ஆதார் ஜெராக்ஸ்: கொடுத்தே ஆகணுமா?

ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி பக்கம் வாடகைக்கு வீடு தேடியவர்களுக்குப் பழகிய வசனம் இது: "அட்வான்ஸோட ஆதார் ஜெராக்ஸ் ஒண்ணு குடுத்துடுங்க." பலரும் யோசிக்காமல் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறார்கள். பெயர், முகவரி, பிறந்த தேதி, 12 இலக்க எண் எல்லாம் அதிலேயே இருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017 ஆகஸ்ட் 24-ல் தீர்ப்பளித்தது. 2018 செப்டம்பர் 26-ல் ஆதார் திட்டம் செல்லும் என்ற அதே நீதிமன்றம், வங்கிக் கணக்குக்கும் சிம் கார்டுக்கும் அது கட்டாயமில்லை என்றது. வாடகை வீட்டுக்கும் ஆதார் சட்டம் அதைக் கட்டாயமாக்கவில்லை.

என்ன ஆபத்து?

ஆதார் எண்ணும் கைரேகையும் இருந்தால் சிறு கடையிலேயே வங்கிப் பணத்தை எடுக்க முடியும். பத்திரப்பதிவு ஆவணங்களில் இருந்த கைரேகையை நகலெடுத்துப் பணம் திருடிய வழக்குகள் தெலங்கானாவில் பதிவாகின. பாஸ்வேர்டு கசிந்தால் மாற்றலாம். விரலை மாற்ற முடியுமா?

என்ன செய்யலாம்?

கடைசி 4 எண்கள் மட்டும் தெரியும் 'மாஸ்க்டு ஆதார்' நகலைக் கொடுங்கள். ஆதார் ஆணைய இணையதளத்தில் டவுன்லோடு செய்யலாம். கைரேகையை 'லாக்' செய்யும் வசதியும் அங்கேயே உண்டு.

2022 மே மாதம் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகமே இந்த அறிவுரையைத் தந்தது. தவறாகப் புரிந்துகொள்ளப்படும் என்று சொல்லி மத்திய அரசு இரண்டே நாளில் வாபஸ் வாங்கியது. மக்களைக் குழப்பியது அறிவுரை அல்ல, அந்த வாபஸ்தான். முழு எண் கேட்பவர்தான் காரணம் சொல்ல வேண்டும் என்பதை அரசு விதியாக்க வேண்டும்.