படத்தில் விழும் வெயில்

புதிய நான்கறை வீட்டின் சாவியைப் பெற்ற குடும்பம் ஒன்று உட்புற வடிவமைப்பாளரைச் சென்று பார்க்கிறது. அவர் கணினித் திரையில் ஒரு படத்தைக் காட்டுகிறார். அகன்ற வரவேற்பறை, சன்னல் வழியே தரையில் நீண்டு விழும் பொன்னிற வெயில், சுவரோரம் சாம்பல்நிறச் சோபா. உண்மையில் அந்த வீட்டின் ஒரு சுவருக்குக்கூட இன்னும் சாயம் பூசப்படவில்லை. இருந்தும், படம் நேரில் எடுத்த ஒளிப்படத்தைப் போலவே இருக்கிறது. அதை நம்பித்தான் அக்குடும்பம் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுகிறது. பல ஆண்டுச் சேமிப்பிலிருந்து முன்பணமும் கட்டுகிறது.

இத்தகைய படங்களைக் கணினியில் உருவாக்கும் கலையை ‘ரெண்டரிங்’ என்று அத்துறையினர் அழைக்கின்றனர். முதலில் அறையின் முப்பரிமாண வடிவத்தை மென்பொருளில் கட்ட வேண்டும். பிறகு ஒளி எங்கிருந்து வருகிறது, மரத்தின்மீதும் கண்ணாடியின்மீதும் துணியின்மீதும் பட்டு எப்படித் திரும்புகிறது என்பதைக் கணினி கணக்கிட்டுப் படமாக்கித் தரும். இதற்குரிய பிளெண்டர் என்னும் மென்பொருளை இன்று எவரும் இலவசமாகப் பதிவிறக்கம் செய்யலாம். கற்றுத்தரும் காணொளிகளும் இணையத்தில் கொட்டிக் கிடக்கின்றன. ஆர்வமுள்ள உயர்நிலைப் பள்ளி மாணவர் ஒருவர் பள்ளி விடுமுறைக்குள் அழகான அறை ஒன்றைத் திரையில் படைத்துவிட முடிகிறது.

இது வரவேற்கத்தக்கதே. ஆனால், தொடக்கநிலையில் உள்ள பலர் கற்கும் வரிசைதான் தலைகீழாக இருக்கிறது. மென்பொருளின் ஒவ்வொரு பொத்தானையும் அறிந்துகொள்ளும் அவர்கள், தாங்கள் அமர்ந்திருக்கும் அறையை ஒருமுறைகூட உற்றுப் பார்ப்பதில்லை.

வெயிலையே எடுத்துக்கொள்ளலாம். ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் குளிர்காலத்தில் சூரியன் வானில் தாழ்ந்தே நிற்கும். அதனால், நண்பகலிலும் வெயில் அறைக்குள் வெகுதூரம் சாய்ந்து விழும். அந்நாடுகளில் தயாரான காணொளிகளைப் பார்த்துக் கற்பவர் அதே வெயிலைத் தம் படத்திலும் பாய்ச்சிவிடுகிறார். சிங்கப்பூரோ நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருக்கிறது. இங்குப் பகல் 1 மணியளவில் சூரியன் ஏறக்குறைய தலைக்கு மேலே நிற்கும். அப்போது சன்னலுக்குள் வரும் வெயில் சன்னலோரத்திலேயே நின்றுவிடும். நீண்ட வெயில் வேண்டுமானால், சன்னல் கிழக்கையோ மேற்கையோ நோக்கியிருக்க வேண்டும்; நேரமும் காலையாகவோ மாலையாகவோ இருக்க வேண்டும். நண்பகலில் அறையின் நடுப்பகுதிவரை வெயில் விழுவதாகக் காட்டும் படம், அக்குடும்பத்தினர் ஒருநாளும் காணப்போகாத ஒன்றைக் காட்டுகிறது.

அளவுகளின் கதையும் இதுதான். மென்பொருளில் உள்ள கேமராவைச் சுவருக்கு வெளியே நகர்த்தி, சுவரை மறைத்துவிட்டு அறையைக் காட்டலாம். அகலக் கோணத்தில் பார்த்தால் சின்னஞ்சிறு படுக்கையறையும் மண்டபம்போல் விரியும். 60 செண்டிமீட்டர் தரை ஓடு, கவனக்குறைவால் ஒரு மீட்டர் ஓடாக மாறிவிடும். அதன் அருகில் இருக்கும் சோபா பொம்மைபோல் சுருங்கிவிடும். இன்னொன்றும் உண்டு. 1990களின் இறுதியிலிருந்து கட்டப்பட்டுவரும் வீவக வீடுகளில் ஒரு புகலிட அறை இருக்கும். பலரும் அதில் பழைய பெட்டிகளை அடுக்கி வைத்திருப்பார்கள். அதன் கனத்த இரும்புக் கதவை அகற்ற அனுமதி இல்லை. தொடக்கநிலையினரின் படங்களில் மாயமாய் மறைந்துபோகும் முதல் பொருள் அந்தக் கதவாகத்தான் இருக்கும்!

‘படம் கவர்ச்சியாக இருந்தால்தானே வாடிக்கையாளர் வருவார்?’ என்று சிலர் கேட்கலாம். கவர்ச்சி தேவைதான். அது எங்கிருந்து வருகிறது என்பதே கேள்வி. அறைகலன் விற்கும் ஐக்கியா நிறுவனம், தன் பொருள் விளக்க நூலில் கணினியில் உருவாக்கிய நாற்காலிப் படம் ஒன்றை முதன்முதலாக 2006ஆம் ஆண்டில் வெளியிட்டது. 2009ஆம் ஆண்டில் அந்நிறுவனத்தின் மற்றொரு பிரிவினர், கணினிப் படங்கள் மோசமாக உள்ளன என்று குறைகூறினர். ஆராய்ந்து பார்த்தபோது, அவர்கள் குறைகூறியவை உண்மையான ஒளிப்படங்கள் என்றும், பாராட்டியவையே கணினியில் உருவானவை என்றும் தெரியவந்தது. ஆயினும், அந்நிறுவனம் அத்துடன் ஒளிப்படக் கலைஞர்களை ஒதுக்கிவிடவில்லை. அவர்களுக்குக் கணினிக் கலையையும், கணினிக் கலைஞர்களுக்கு ஒளிப்படக் கலையையும் கற்றுக்கொடுத்தது. ஒளியைப் பார்த்துப் பழகிய கண்ணின் மதிப்பை அது அறிந்திருந்தது.

அந்தக் கண்ணைப் பெறுவதற்குக் கட்டணம் எதுவும் இல்லை. தொடக்கநிலை மாணவர் ஓர் அளவுநாடாவை எடுத்துக்கொண்டு தம் வீட்டு வரவேற்பறையிலிருந்தே தொடங்கலாம். சன்னலின் அகலம், தரையிலிருந்து அதன் உயரம், கதவு திறக்கத் தேவைப்படும் இடம் என ஒவ்வொன்றையும் அளந்து குறித்துக்கொள்ளலாம். காலை, நண்பகல், மாலை என மூன்று வேளையும் ஒரே இடத்தில் அமர்ந்து, சிவப்பு மெத்தையின் நிறம் அருகிலுள்ள வெள்ளைச் சுவரில் மெல்லப் படிவதைக் கவனிக்கலாம். அதன்பின் அதே அறையைக் கணினியில் கட்டி, கைப்பேசியில் எடுத்த ஒளிப்படத்தின் அருகில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கலாம். முதல் படம் பெரும்பாலும் ஏமாற்றமே தரும். எங்கே தவறியது என்று தேடும் அந்த ஒரு வாரத்தில் கற்பதை எந்தக் காணொளியும் கற்றுத்தராது.

பிறகு அந்தப் படத்தை வீட்டில் உள்ளவர்களிடம் காட்டலாம். ஒளி, நிழல், மரத்தின் பளபளப்பு எல்லாம் சரியாக அமைந்திருக்கும். அம்மா சற்று நேரம் பார்த்துவிட்டு, “எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. துணி மடிக்கும் மேசை எங்கே?” என்று கேட்பார். அளவுநாடாவை மறுபடியும் கையில் எடுக்க வேண்டியதுதான்.