விளையாட்டுச் சந்தையும் விளையாடுவோர் சமுதாயமும்

விளையாட்டென்றாலே வீண்பொழுது என்று தள்ளிவிடுவது பெரியோர் வழக்கம். விளையாட்டுத்தானே என்று எளிதாகக் கொள்வது இளைஞர் வழக்கம். இவ்விரு சாராரும் ஒரு விஷயத்தில் ஒத்திருக்கின்றனர். இணையத்தின் வாயிலாகப் பல்லாயிரவர் ஒருங்கே கூடி ஆடும் ஆட்டங்களுள் ஒரு சந்தை நடைபெறுகின்றது என்பதையும், ஒரு சமுதாயம் வாழ்கின்றது என்பதையும், அவ்விரண்டையும் ஆள்வோர் உளர் என்பதையும் இருவருமே எண்ணிப் பார்ப்பதில்லை. கள்ளக்குறிச்சித் தேநீர்க்கடை வாயிலிலும், சின்னசேலம் இரயில் நிலையத்திலும், கல்வராயன் மலையில் கைப்பேசிக்கு அலை எட்டும் மேட்டுப் பாறைகளிலும் குனிந்த தலை நிமிராது ஆடும் இளைஞர் குழுக்களைக் காணாதார் இலர். அவர்கள் புகுந்துள்ள அந்நாட்டின் வாணிகம் எத்தகையது, அதன் சட்டம் யாது, அதில் அவர்களுக்குரிய உரிமை யாது என்பனவற்றை ஆராய்தல் நம் போன்ற கலாசாலையார்க்குக் கடமையாகும்.

முதற்கண் சந்தையைக் காண்போம். 1999ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்த எவர்க்வெஸ்ட் என்னும் ஆட்டத்தின் கற்பனை நாட்டை எட்வர்ட் காஸ்ட்ரோனோவா என்னும் பொருளாதாரப் பேராசிரியர் 2001இல் ஆராய்ந்தார். அந்நாட்டு வாளையும் கவசத்தையும் காசையும் மெய்யான டாலர் கொடுத்து வாங்குவோர் இருந்தமையால், அவ்விலைகளைக் கொண்டே அந்நாட்டுக் குடி ஒருவனின் சராசரி உற்பத்தியை அவர் கணக்கிட்டார். அத்தொகை ரஷ்யாவிற்கும் பல்கேரியாவிற்கும் இடைப்பட்டதாயிருந்தது. நிலப்படத்தில் இல்லாத நாடு, நிலப்படத்தில் உள்ள நாடுகளோடு வரிசையில் நின்றது. பொருளின் மதிப்பு அதன் கனத்திலோ பருமையிலோ இல்லை. அதனைப் பெறச் செலவிட்ட உழைப்பிலும், அதனை வேண்டுவோர் விருப்பத்திலும் உள்ளது என்னும் பழைய பாடத்திற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

ஐஸ்லாந்து நாட்டுக் கம்பெனியார் 2003இல் தொடங்கிய ஈவ் ஆன்லைன் என்னும் ஆட்டம் இதனினும் ஒருபடி மேற்சென்றது. அங்கே விண்கற்களை அகழ்ந்து கனிப்பொருள் எடுப்போன் ஒருவன். அதனைக் கொண்டு கப்பல் கட்டுவோன் ஒருவன். மலிந்த இடத்தில் வாங்கி அரிய இடத்தில் விற்போன் மற்றொருவன். இவ்வாணிகம் பெருகியபோது, அதனைக் கண்காணித்து அறிக்கை வெளியிடும் பொருட்டு 2007இல் எயோல்ஃபுர் குட்முண்ட்ஸன் என்னும் பொருளாதார அறிஞரை அக்கம்பெனியார் அமர்த்தினர். அவர் பின்னர் 2014இல் தம் நாட்டின் அக்குரேரிப் பல்கலைக்கழகத்தின் தலைவரானார். ஓர் ஆட்டத்தின் கணக்கைப் பார்த்தவர் ஒரு பல்கலைக்கழகத்தையும் நடத்தத் தக்கவராகக் கருதப்பெற்றார் என்பதை, ஆட்டத்தை வெறும் ஆட்டமென்று இகழ்வோர் சிந்திப்பாராக.

இச்சந்தைகளுக்குரிய பெருநோய் ஒன்றுண்டு. நம் கோமுகி அணையைக் கண்டோர்க்கு அதனை விளக்குதல் எளிது. மலையிலிருந்து வரும் நீரையும் மதகின் வழியே விடும் நீரையும் ஒப்புநோக்கிக் காத்தாலன்றி அணை நிலைபெறாது. ஆட்டத்திலோ, ஒவ்வொரு விலங்கை வீழ்த்துந்தோறும், ஒவ்வொரு பணியை முடிக்குந்தோறும் புதுக்காசு பிறக்கின்றது. பழுது பார்க்கும் கூலி, சந்தை வரி, பயணக் கட்டணம் முதலிய மதகுகளின் வழியே அக்காசு வெளியேறாவிடின், காசு பெருகிப் பொருளின் விலை ஏறிவிடும். முன்பே ஆடிச் சேர்த்தவன் செழிப்பான். புதிதாக வந்தவன் ஒரு வாளும் வாங்க மாட்டாமல் திகைப்பான். மெய்யான அரசுகள் நோட்டை மிகுதியாக அச்சிட்ட காலங்களில் நேர்ந்ததும் இதுவே. இதனைக் கைப்பேசியில் கண்டறிந்த மாணவனுக்குப் பொருளாதார வகுப்பில் பணவீக்கம் என்னும் அதிகாரம் கடினமாக இராது.

இனிச் சமுதாயத்தைக் காண்போம். முன்பின் அறியாதார் ஆட்டத்துள் கூடிக் குழுக்கள் அமைக்கின்றனர், தலைவரைத் தெரிகின்றனர், பொதுப் பொக்கிஷம் வைக்கின்றனர், புதியோர்க்குப் படைக்கலம் கொடுத்துப் பழக்குகின்றனர். 2014 ஜனவரியில் ஈவ் ஆட்டத்தில் நிகழ்ந்த பெரும்போர் இதற்கு உதாரணம். ஒரு கூட்டத்தார் தம் விண்வெளித் தலத்திற்குச் செலுத்தவேண்டிய தவணைத் தொகை செலுத்தப்படாது போயிற்று. பகைவர் அத்தலத்தின்மேற் பாய்ந்தனர். ஏழாயிரவர்க்கு மேற்பட்டோர் ஏறத்தாழ 21 மணி நேரம் பொருதனர். அழிந்த கப்பல்களின் மதிப்பு மூன்று லட்சம் டாலருக்குக் குறையாதென்று மதிப்பிட்டனர். ஒரு பற்றுச்சீட்டின் கவனக்குறைவால் ஒரு கடற்படைக்கு ஒப்பான படை அழிந்தது. பொதுக் காரியத்தில் ஒருவன் சோம்பினால் ஊரெல்லாம் துன்புறும் என்பதை அதில் இழந்தோர் எளிதில் மறவார். இக்கூட்டுறவு மெய்யானது, அதில் விளையும் நட்பும் மெய்யானது. இதனைப் பொய்யென்பது நேர்மையன்று.

எனினும், சந்தை மெய்யாயின் சுரண்டலும் மெய்யாம். 2021இல், பெருந்தொற்றால் வேலையிழந்த பிலிப்பைன்ஸ் நாட்டார் பலர், வியட்நாம் நாட்டுக் கம்பெனி ஒன்றின் ஆக்ஸி இன்பினிட்டி என்னும் ஆட்டத்தை வயிற்றுப்பிழைப்பாகக் கொண்டனர். அதனை ஆடுதற்கு முதலில் விலையுயர்ந்த கற்பனைப் பிராணிகளை வாங்கவேண்டும். வாங்க வகையற்றோர் செல்வரிடம் அவற்றை இரவலாகப் பெற்று, ஆடி ஈட்டியதில் ஒரு பங்கை உடையவர்க்கு அளந்தனர். நம் நாட்டு வாரக்குடிக்கும் இவர்க்கும் வேற்றுமை யாது? நிலத்தின் இடத்தில் திரையிலுள்ள பிராணி நின்றது, அவ்வளவே. அவ்வாறு உழைத்தோர்க்கு இட்ட பெயரோ ஸ்காலர், அதாவது மாணாக்கர்! 2021இல் 30 சென்ட்டுக்கு மேல் விலைபோன அவ்வாட்டக் காசு, அடுத்த ஆண்டிலேயே ஒரு சென்ட்டும் பெறாததாயிற்று. 2022 மார்ச்சில் அவ்வாட்டத்தின் பணப்பாதையிலிருந்து 60 கோடி டாலருக்கு மேற்பட்ட பொருள் களவும் போயிற்று. புதியோர் கொணரும் பணத்தாலேயே பழையோர்க்கு ஊதியம் வருமாயின், புதியோர் வரவு நின்ற நாளில் அச்சந்தையும் நிற்கும்.

நம் நாட்டிலும் ஒரு படிப்பினை உண்டு. பப்ஜி என்னும் ஆட்டம் 2020 செப்டம்பர் 2ஆம் நாள் இந்திய அரசால் தடுக்கப்பெற்றது; அக்டோபர் 30ஆம் நாள் அதன் இயக்கம் இந்நாட்டில் முற்றும் நின்றது. 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயர் என்னும் ஆட்டமும் தடைப்பட்டோர் வரிசையிற் சேர்ந்தது. தேசப் பாதுகாப்பை முன்னிட்டு அரசு செய்ததைக் குறைகூறுவது நம் கருத்தன்று. இராப்பகலாக ஆடியும், பெற்றோர் காசைக் கொடுத்தும் சேர்த்த உடையும் படைக்கலமும் யாருடையவை என்னும் கேள்வியே நாம் எழுப்புவது. ஆட்டத்தில் நுழையுமுன் ஒருவரும் படியாது ஒப்பமிடும் நீண்ட உடன்படிக்கையில் அதற்கு விடை உளது: அவை கம்பெனியாருடையவை, ஆடுவோனுக்கு அவற்றைப் பயன்படுத்தும் அனுமதி ஒன்றே உண்டு, அவ்வனுமதியையும் கம்பெனியார் திரும்பப் பெறலாம்.

கல்வராயன் மலையைச் சேர்ந்த மாணவர்க்கு இவ்வேற்பாடு புதிதன்று. அம்மலை சடைய கவுண்டர், குறும்ப கவுண்டர், ஆரிய கவுண்டர் என்னும் மூன்று ஜாகீர்களாக நெடுங்காலம் ஆளப்பட்டு, 1976இலேயே அரசின் நேரடி ஆட்சிக்கு வந்தது. காட்டைத் திருத்திச் சாமையும் தினையும் விதைத்தவன் மலைக்குடி. கடுக்காயும் புளியும் தேனும் திரட்டியவன் மலைக்குடி. ஆயினும் நிலத்தின் மேல் உரிமையும், தீர்வையை விதிக்கும் அதிகாரமும் வேறொருவர் கையில் இருந்தன. அதன் வடு இன்னும் முற்றும் ஆறவில்லை. 2024 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம் அம்மக்களின் நிலையைத் தானே முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டது. உழைப்பு குடியினுடையது, உரிமை ஆள்வோனுடையது என்னும் ஏற்பாட்டையே இணைய ஆட்டங்களின் உடன்படிக்கையிலும் நாம் காண்கின்றோம். மலைக்குடியின் துன்பமும் ஆட்டக்காரனின் இழப்பும் ஒரு நிறையின அல்ல என்பதை நாம் அறிவோம். மலைக்குடி வேறு போக்கிடமின்றி அங்கிருந்தான். ஆட்டக்காரன் நினைத்தபோது வெளியேறலாம். ஆயினும் அவன் வெளியேறுங்கால் வெறுங்கையனாகவே வெளியேறுகின்றான். அளவில் வேறாயினும் நியாயம் ஒன்றே.

இதற்கு மாற்று இல்லையோ எனின், உண்டு. ரூன்ஸ்கேப் என்னும் ஆங்கில நாட்டு ஆட்டத்தில், கள்ளச் சந்தையைத் தடுக்கும் பொருட்டு 2008 ஜனவரியில் கம்பெனியார் ஆடுவோர் தம்முட் செய்துவந்த தாராள வாணிகத்திற்குக் கட்டுப்பாடு விதித்தனர். ஆடுவோர் குறை ஓயவில்லை. பின்னர் கம்பெனியார் ஆடுவோரிடமே வாக்குக் கேட்டனர். பத்து லட்சத்திற்கு மேற்பட்டோர் வாக்களித்தனர். மிகப் பெரும்பாலார் விருப்பப்படி 2011 பிப்ரவரியில் அவ்வாணிகம் மீண்டது. ஈவ் ஆட்டத்திலோ 2008 முதல் ஆடுவோர் தம் பிரதிநிதிகளைத் தேர்ந்து ஒரு சபை அமைத்திருக்கின்றனர்; அவர்கள் ஐஸ்லாந்துக்கு அழைக்கப்பெற்றுக் கம்பெனியாரோடு எதிரமர்ந்து பேசுவதும் உண்டு. அச்சபைக்கு ஆலோசனை கூறும் உரிமையன்றி ஆணையிடும் அதிகாரம் இல்லை. எனினும், கேளாது ஆளப்படுவோன் நிலைக்கும் கேட்டு ஆளப்படுவோன் நிலைக்கும் உள்ள தூரம் சிறிதன்று.

நம் சட்டங்கள் எதுவரை வந்துள்ளன? தமிழக அரசு இணையச் சூதாட்டத்தைத் தடுக்க 2022இல் இயற்றிய சட்டம் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. 2025 பிப்ரவரியில் வகுத்த விதிகள், பணம் வைத்தாடும் ஆட்டங்களை நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை மூடிவைத்தன. 2025 ஆகஸ்டில் பாராளுமன்றம் இயற்றிய சட்டமோ பணயம் வைக்கும் இணைய ஆட்டங்களை அடியோடு விலக்கி, பணயமில்லாத ஆட்டங்களையும் மின்விளையாட்டுப் போட்டிகளையும் ஊக்குவிக்கக் கருதுகின்றது. சூதுக்கென்றே 94ஆம் அதிகாரத்தை வகுத்த வள்ளுவர் நாட்டில் இதனை வரவேற்காதார் யார்? ஆயினும் இச்சட்டங்களின் முதற்கருத்து பணயத்தைத் தடுப்பதே. உள்ளே என்ன இருக்கிறதென்று அறியாமல் காசு கொடுத்துத் திறக்கும் மூடிய பெட்டிகள் சூதினத்தைச் சேர்ந்தவை என்று பெல்ஜியம் நாட்டு அதிகாரிகள் 2018இலேயே கண்டனர். இங்கும் அது கருதத்தக்கது. ஆட்டம் மூடப்படுமுன் தக்க அறிவிப்பும், செலவழியாத ஆட்டக்காசுக்கு ஈடும், கணக்கை நீக்குமுன் காரணங் கேட்கும் உரிமையும் ஆடுவோர்க்கு வேண்டும். பணப்பையைக் காப்பது போலவே உரிமையையும் காப்பது சட்டத்தின் கடன்.

அரசின் கடனைக் கூறி நம் கடனை மறத்தல் தகாது. ஆட்டத்தை முற்றும் விலக்கிவிட்டால் தொல்லை தீரும் என்பாரும் உளர். விலக்கப்பட்டது போர்வைக்குள் ஒளிந்து நடைபெறுமேயன்றி ஒழியாது என்பதை விடுதிக் காப்பாளர் அறிவர். ஆகவே நாம் கூறுவது இது. மாணவ நண்பர்கள் ஆட்டத்தில் செலவிடும் காசையும் மணியையும் ஒரு குறிப்பேட்டில் நாள்தோறும் எழுதுக. மாத முடிவில் கூட்டிப் பார்க்குங்கால் ஆசிரியர் உபதேசம் வேண்டியதில்லை. கல்விக் கட்டணத்திற்கென்று தந்தையார் கரும்பாலைப் பணத்திலோ, மலைத்தோட்டத்து மரவள்ளி விற்ற பணத்திலோ எடுத்துத் தந்ததைத் திரையிலுள்ள சட்டைக்குக் கொடுத்தல் அறமன்று. பொருளாதாரத் துறையார் ஆட்டச் சந்தையின் விலையேற்றத்தை மாணவரைக் கொண்டே ஆராய்விக்கலாம். விவாத சங்கத்தார் அவ்வுடன்படிக்கைகளுள் ஒன்றை எடுத்து வரிவரியாகப் படித்து வாதிக்கலாம். தொலைவிலுள்ள முகமறியாத் தோழனுக்குப் படைக்கலம் கொடுத்துதவும் இளைஞன், பக்கத்து அறையில் கணக்குப் பாடம் விளங்காது வருந்தும் மலைநாட்டுத் தோழனுக்கும் அக்கையை நீட்டுவானாயின், ஆட்டத்திற் பயின்ற கூட்டுறவு பயன் பெற்றதாகும்.

உக்கிராணத்துவம் என்பது நம் கலாசாலையில் அடிக்கடி கேட்கும் சொல். நமக்கு ஒப்புவிக்கப்பட்ட பொழுதிற்கும் பொருளுக்கும் கணக்கு ஒப்புவிக்க வேண்டியவர் நாம். அக்கணக்கைக் கேட்கும் உரிமை நம்மை ஆள்வோர்பாலும் நமக்குண்டு. ஊரில் வாக்குரிமை பெற்ற இளைஞன், ஆட்டத்துள் புகுந்ததும் ஜாகீர்க் குடியாக இருக்க இசையலாகாது. எந்நாட்டில் இருப்பினும், அது மண்ணாலாய நாடாயினும் மின்னாலாய நாடாயினும், உழைப்பவன் தன் உரிமையைக் கேட்டறிந்தே உள்ளே புகுதல் வேண்டும். அவ்வழக்கம் நம் மாணாக்கரிடம் வேரூன்றுமாயின், அவர்கள் ஆடிய பொழுதில் ஒரு பகுதியேனும் வீண்போகவில்லை என்று நாம் மகிழ்வோம்.