கைநாட்டு வேண்டுமாம், கருத்து வேண்டாமாம்!

"படிப்பில்லாத ஜனங்களுக்கு வைத்தியத்தைப் பற்றி என்ன தெரியும்? டாக்டர் சொன்னபடி கேட்டுக்கொண்டு போகவேண்டியதுதானே!" இப்படிப் பேசும் கனவான்கள் இன்றும் இருக்கிறார்கள். கறம்பக்குடி வயல்களில் நாற்று நடுகிறவர்களும் பஞ்சாலைத் தொழிலாளர்களும் இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டுப் புளித்துப்போனவர்கள். இதற்குச் சரித்திரமே பதில் சொல்லட்டும்.

க்ஷயரோகம் வந்தால் சானடோரியத்தில்தான் படுக்கவேண்டும் என்றார்கள் ஒரு காலத்தில். ஏழை எங்கே போவான்? 1956ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், சென்னை சர்க்கார், உலக சுகாதார ஸ்தாபனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகியவை கூடிச் சென்னையில் ஓர் ஆராய்ச்சி நிலையம் அமைத்தன. 193 நோயாளிகளில் ஒரு பிரிவினர் சானடோரியத்திலும், மறு பிரிவினர் தங்கள் வீட்டிலும் ஓராண்டு காலம் ஒரே மருந்தைச் சாப்பிட்டார்கள். 1959ல் முடிவு வெளிவந்தது. அரைவயிற்றுச் சோற்றோடு வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமடைந்திருந்தார்கள்! உலகத்துக்கே இந்தப் பாடத்தைத் தந்தவர்கள் சென்னை நகரத்து ஏழைகள். டாக்டர்களின் பெயர் புத்தகத்தில் இருக்கிறது. அந்த 193 பேரோ வெறும் எண்ணாக நிற்கிறார்கள்.

உழைப்பவன் விஞ்ஞானத்துக்கு விரோதியல்ல. அவன் கேட்பது ஒன்றுதான்: என் உடம்பைத் தொடுமுன் என்னைக் கேட்டாயா?

2009ல் ஆந்திராவின் கம்மம் ஜில்லாவில், பெரும்பாலும் பழங்குடிச் சிறுமிகளுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசியைப் போட்டு ஓர் ஆய்வு நடந்தது. 2010ல் அது நிறுத்தப்பட்டது. ஊசி நல்லதா கெட்டதா என்பதல்ல இங்கே கேள்வி. பார்லிமெண்டுக் கமிட்டி 2013ல் தந்த அறிக்கையைப் பாருங்கள். 9,543 சம்மதப் படிவங்களில் 1,948ல் கைநாட்டு. 2,763ல் ஹாஸ்டல் வார்டன்களின் கையெழுத்து! பெற்ற தாய் உயிரோடிருக்க, வார்டன் சம்மதம் தருவதா? இதற்குப் பெயர் சம்மதமா?

நோயாளிக்கு ஒன்றும் தெரியாது என்பவர்கள் நந்திதா வெங்கடேசனின் கதையைக் கேட்கட்டும். காசநோய்க்குப் போட்ட ஊசியால் 2013ல் செவித்திறன் இழந்தவர் அவர். தென்னாப்பிரிக்காவின் பும்சா டிசிலேயும் அப்படியே காது இழந்தவர். காதுக்குக் கேடு செய்யாத பெடாகுவிலின் மாத்திரைமேல் ஜான்சன் அண்டு ஜான்சன் கம்பெனி தன் ஏகபோகத்தை 2027 வரை நீட்டிக்கப் பார்த்தது. இரண்டு நோயாளிகளும் 2019ல் ஆட்சேப மனு போட்டார்கள். 2023 மார்ச்சில் இந்தியப் பேட்டண்ட் ஆபீஸ் கம்பெனியின் விண்ணப்பத்தைத் தள்ளியது. மலிவு மருந்துக்கு வழி திறந்தது. காது கேளாதவர்கள் பேசினார்கள், கம்பெனி கேட்கவேண்டியதாயிற்று!

சட்டம் இல்லாமலில்லை. ஆராய்ச்சியை அனுமதிக்கும் நெறிமுறைக் கமிட்டியில் சாமானியர் ஒருவர் இருக்கவேண்டும் என்கின்றன 2019ம் வருஷத்து விதிகள். ஆய்வால் கேடு வந்தால் இலவசச் சிகிச்சையும் நஷ்டஈடும் உண்டு. அந்தச் "சாமானியர்" யார்? ஓய்வுபெற்ற அதிகாரியா, கூலிக்காரனா?

ஆகவே நாம் கேட்போம்:

1. அந்த நாற்காலியில் உழைப்பாளி உட்காரவேண்டும்.

2. சம்மதப் படிவத்தைத் தமிழில் உரக்கப் படித்து விளக்கவேண்டும். வீட்டில் கலந்துபேச அவகாசம் தரவேண்டும்.

3. ஆராய்ச்சியின் முடிவை, அதற்கு உடம்பைக் கொடுத்தவர்களிடம் வந்து சொல்லவேண்டும்.

4. மருந்து வாங்க வரும் நாளும் நேரமும் கூலி போகாதபடி, நோயாளிகளைக் கேட்டு வகுக்கப்படவேண்டும்.

தோழர்களே! தாளை நீட்டினால் பெருவிரலை நீட்டாதீர்கள். முதலில் கேள்வியை நீட்டுங்கள்!