வைகைக்குச் சுவர் எழுப்பினால் போதுமா?

சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும் காட்சியைக் காண மதுரையில் லட்சக்கணக்கான மக்கள் கூடுகிறார்கள். அழகர் இறங்குவதற்காக வைகை அணையிலிருந்து தண்ணீர் திறந்துவிடுகிறார்கள். விழா முடிந்த சில நாட்களில் அது வடிந்துவிடும். பிறகு ஆற்றில் ஓடுவது எது? ஊர்ச் சாக்கடைதான்!

1959-ல் திறக்கப்பட்ட அணையின் மீது பழி போடுவோர் உண்டு. அது முழு உண்மை அல்ல. அணைக்கு முன்பும் வைகை வற்றாத ஜீவநதியாக இருந்ததில்லை. மழைக்காலத்தில் பெருகும், கோடையில் மணலாகக் கிடக்கும். ஆனால் அது வெறும் மணலா? வெள்ளத்தை உறிஞ்சி வைத்திருந்து, கோடையில் கிணறுகளுக்கு ஊறக் கொடுத்தது அந்த மணல்தான். அதை லாரி லாரியாக அள்ளியாகிவிட்டது. இன்று அங்கே கருவேலும் ஆகாயத்தாமரையும் மண்டிக் கிடக்கின்றன.

அந்தக் காலத்தவர்கள் ஆற்றை மட்டும் நம்பியிருக்கவில்லை. கால்வாய் வெட்டிக் கண்மாய்களை நிரப்பினார்கள். ஒன்று நிறைந்து மறுகால் பாய்ந்தால் அடுத்தது நிறையும். வைகையே கடைசியில் ராமநாதபுரம் பெரிய கண்மாயில்தான் போய்ச் சேருகிறது. இந்த ஏற்பாட்டைக் கலைத்தது யார்? நகரம்தான். கிருதுமால் நதி சாக்கடையாகிவிட்டது. உலகனேரிக் கண்மாயில் 2004-ல் ஹைகோர்ட் கிளையே எழுந்தது. நீர்நிலை ஆக்கிரமிப்பு வழக்குகள் அங்கேதான் விசாரணைக்கு வருகின்றன என்பது ஒரு வேடிக்கை!

அண்மையில் 'ஸ்மார்ட் சிட்டி' திட்டத்தில் ஆற்றின் இரு கரையிலும் சுவரும் சாலையும் போட்டார்கள். போக்குவரத்துக்கு வசதி என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் ஆற்றின் அகலம் குறைந்தால், 1993-ல் வந்ததுபோல் வெள்ளம் வரும்போது தண்ணீர் எங்கே போகும்? சுவரால் சாக்கடை நின்றுவிடுமா?

செய்ய முடியாத காரியம் ஒன்றுமில்லை. வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம் பல ஆண்டுகள் வறண்டு கிடந்தது. பிள்ளைகள் அதில் கிரிக்கெட் ஆடினார்கள். ஆற்றிலிருந்து வரும் கால்வாயைச் சீர்செய்ததும் குளத்தில் தண்ணீர் நின்றது. தெப்பத்தை மீண்டும் தண்ணீரில் இழுக்க முடிந்தது.

மிஞ்சியிருக்கும் கண்மாய்களின் வரத்துக்கால்வாய்களையும் அப்படியே திறக்கலாம். ஆற்றில் விழும் ஒவ்வொரு சாக்கடை வாயையும் அடைத்துச் சுத்திகரிப்பு நிலையத்துக்குத் திருப்பலாம். மாநகராட்சி அடுத்த திட்டத்துக்குப் பணம் ஒதுக்கும்போது, கரையோரப் பூங்காவையும் விளக்குகளையும் தள்ளிவைத்துவிட்டு இந்த வேலைகளை முதலில் எடுத்துக்கொள்ளட்டும்.